ஏழு பழைய கணினிகளும் ஓர் அடைப்புக்குறியும்

ஜூன் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இது நூலகத்தில் காணாமல்போன புத்தகங்களைக் குறித்துவைக்கும் நோட்டு. பின்பக்கத்திலிருந்து எனக்காக எழுதுகிறேன். வாயால் சொல்ல வராததை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

கணினி அறையை மூடப்போகிறார்கள். ஏழு கணினிகளும் உயிர் பெறவே ஐந்து நிமிடம் ஆகிறது, ஒரு பக்கம் திறந்தால் உறைந்துவிடுகிறது. "மாசக் கடைசியில எடைக்குப் போட்டுடலாம்மா. உடைஞ்ச நாற்காலிய அங்க வச்சுக்கலாம்" என்றார் மேடம், எங்கள் தலைமை நூலகர். அறை போனால் நானும் போக வேண்டியதுதான். என் நியமன ஆணையிலேயே இருக்கிறது: உதவியாளர் (தற்காலிகம்).

'இயந்திரம் நல்லாத்தான் இருக்கு, ஏத்தி வச்ச சுமைதான் அதிகம்' என்று சொன்னேன். மனதுக்குள். வெளியே வந்தது இவ்வளவுதான்: "பத்து நாள் குடுங்க மேடம்."

கொடுத்தார்.

ஜூன் 5, வியாழன்

முதல் கணினியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தின் அடித்தளத்தை மட்டும் ஏற்றினேன். கறுப்புத் திரை, துடிக்கும் ஒரு கோடு. மற்றதெல்லாம் நாமே கேட்டு வாங்க வேண்டும். திரையில் சன்னல்களைக் காட்ட ஒன்று, இணையத்துக்கு ஒன்று, எழுத ஒன்று. வானிலை, விளையாட்டு, மலர்ப் படம், மணியோசை – எவனுக்கு வேண்டும்?

ஐந்து வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே வண்டி. அம்மா எதை ஏற்றுவாள், எதை விடுவாள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். பட்டத்தைவிட அதுதான் இப்போது கைகொடுக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

நாள் முழுக்கக் கறுப்புத் திரை.

ஜூன் 9, திங்கள்

கணினி உயிர் பெற முப்பத்தெட்டே விநாடி! மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே முப்பத்தெட்டு.

பக்கத்து அறையில் புத்தகம் தைக்கும் அண்ணன் பசைக் கையோடு எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பேயோட்டிட்டியா?"

"இல்லண்ணே, சும்மா குடியிருந்தவங்களக் காலி பண்ணிட்டேன்."

அந்தப் பதில் என் வாயிலிருந்துதான் வந்ததா?

ஜூன் 12, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

ஏழும் தயார் என்று மேடத்தை அழைத்தேன். புதுக் கணினி விற்கக் கழுத்தில் டை கட்டி வந்திருந்த ஒருவரும் கூடவே வந்தார். மேடம் எங்கள் நூலகப் பட்டியலைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டங்கள். எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெற்றுக் கட்டம்.

"குறுக்கெழுத்துப் போட்டியா மேடம்? இதுக்குத்தான் தெரிஞ்சவங்க கையில குடுக்கணும்ங்கிறது" என்றார் டைக்காரர். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஏன்டி இப்படிப் பண்ணினே? என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இயங்குதளத்தோடு ஏற்ற வேண்டியவற்றின் பட்டியலில், தமிழ் எழுத்துருவுக்குப் பக்கத்தில் 'கூடுதல் – விருப்பமிருந்தால்' என்று இருந்தது. வேண்டாமென்று நீக்கிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. ஆங்கிலப் பக்கங்களையே திறந்து திறந்து சோதித்தேன். கல்லூரியில் முதல் நாள், "நீ தமிழ் மீடியமா?" என்று ஒருத்தி கேட்டாளே, அந்தக் குரல்... அன்றிலிருந்து நான் முதலில் ஒளித்துவைப்பது தமிழைத்தான். விரல் பழகிவிட்டது.

வீட்டில் சொன்னேன். "வீடு மாத்தி வந்து பாத்தா அடுப்பக் காணோம்ங்கிற கதையால்ல இருக்கு" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு போட்டபிறகு வந்தது.

ஜூன் 13, வெள்ளி

எழுத்துருவைச் சேர்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை. சேர்க்கவில்லை. ஏழையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அடித்தளம், உடனே தமிழ், பிறகுதான் சன்னல், இணையம் எல்லாம். கடைசியில் ஒட்டவைத்ததாக அது இருக்கக் கூடாது.

நான் தூக்கியெறிந்த மலர்ப் படத்தைவிடச் சின்னக் கோப்பு அது. விருப்பமிருந்தாலாம். யார் விருப்பம்?

ஜூன் 17, செவ்வாய்

கூப்பிடாமலே மேடத்தின் அறைக்குள் போனேன். டைக்காரர் விலைப்பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், வந்து பாருங்க."

"மறுபடியும் கட்டமா?" என்றார் டைக்காரர்.

"நீங்களும் வாங்க சார். தமிழ் படிக்கத் தெரியும்ல?"

வாசலில் நின்ற அண்ணனுக்குத் திடீரென்று இருமல்.

மேடம் ஒரு புத்தகத்தைத் தேடினார். இன்னொன்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதையோ படிக்க ஆரம்பித்துவிட்டார். இருபது நிமிடம். திரை உறையவில்லை. டைக்காரர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். "நீங்க கிளம்புங்க சார், தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன்" என்றார் மேடம், திரும்பாமலே.

எழுந்ததும் என்னிடம் கேட்டார்: "உனக்கு வேற ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

பொய். வேண்டியது ஒன்று இருந்தது, கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

மாசக் கடைசி. எடைக்கு எதுவும் போகவில்லை. காலையிலிருந்து ஏழு நாற்காலியும் காலியாகவே இல்லை. மதியம் ஒன்று காலியானதும் நான் உட்கார்ந்தேன். ஒரு கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு, மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதன் நகல் இங்கே:

"மதிப்பிற்குரிய மேடம், வேண்டாததை நீக்க எனக்குத் தெரியும் என்று காட்டிவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும் என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. என் நியமன ஆணையில் 'உதவியாளர்' என்பதற்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு சொல். அதை நீங்கள் நீக்கித் தர வேண்டும்."