துரைக்குப் போட்ட பிரேக்

பிப்ரவரி 4, செவ்வாய்

துரை வந்து இறங்கியாயிற்று. சாந்தன்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஜோமோனின் வண்டி. நாற்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தோல் சீட்டு, மரப்பலகை டேஷ்போர்டு. மூக்கு ஷெட்டுக்குள் நுழைந்து வெகுநேரம் கழித்துத்தான் வால் வந்தது. துரை என்று பெயர் வைத்தது நான்தான். சொந்த எஞ்சின் ஜாம் ஆகி, லாரியில் ஏறி வந்த துரை.

என் வீட்டுக்காரர் மோகனசுந்தரத்துக்குக் காலையிலிருந்து காபி இறங்கவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படி வைத்த கண் வாங்காமல் பார்க்கவில்லை. ஜப்பான் ஆறு சிலிண்டர் எஞ்சினை இதில் இறக்கப் போகிறார். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதியை ஜோமோன் வாங்கிவிட்டார்.

"எஞ்சின் நாம பாத்துக்கலாம். பிரேக்கைக் கோயமுத்தூர்ல குடுத்துக்கலாம்" என்றார், பானெட்டைப் பார்த்துக்கொண்டே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே?

பிப்ரவரி 5

கொழிஞ்சாம்பாறையில் இந்த ஒர்க்‌ஷாப் தொடங்கிய நாளிலிருந்து எஞ்சின் அவர், பிரேக் நான். போன ஆவணி வரைக்கும். அப்போது ஒரு காருக்கு நான் மாட்டிய பிரேக் ஹோஸ், சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய், முறுக்கிக்கொண்டது. வண்டி இடப்பக்கம் இழுத்து, எதிர்வீட்டுச் சென்னிமலை அண்ணன் தோப்பில் ஒரு தென்னையை முட்டியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை.

இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வண்டியிலிருந்து பிரேக் வேலை கோயமுத்தூருக்குப் போயிற்று, நான் பில் புக்குக்குப் போனேன். திட்டியிருந்தால் தேவலை.

இன்று கேட்டேவிட்டேன். "தொரையோட பிரேக்கை நான் பண்றனுங்க. செரியில்லைன்னா அப்புறம் ஸ்பேனரையே தொடறதில்லை."

காதைச் சொறிந்தார். துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் துடைத்தார். "செரி, பண்ணு" என்றார்.

இந்த வாய் சும்மா இருக்கிறதா எனக்கு? தோற்றால் ஆயுசுக்கும் பில் புக்தான்.

பிப்ரவரி 11

தைப்பூசம், ஷெட்டுக்கு லீவு. வருஷா வருஷம் பழனிக்குப் போகிறவர் இந்த வருஷம் துரையின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் வாகனம் வைத்திருப்பவர்தான்.

பிப்ரவரி 19, புதன்

அட கெரகமே. எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. என் பூஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

பூஸ்டர் என்பது பெடலை மிதிக்கிற காலுக்குத் துணை நிற்கும் உருண்டை டப்பா. அது இல்லாமல் இந்தக் கனத்த வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் பயில்வான் கால் வேண்டும். போன வாரமே அளவெடுத்து, சாக்பீஸால் வட்டம் போட்டு, 'பூஸ்டருக்கு' என்று எழுதியும் வைத்திருந்தேன்.

"ஏனுங்க, எழுதி வெச்சிருந்தனே?"

"ஏதோ அழுக்குன்னு தொடச்சுப்போட்டேன், புள்ள."

அழுக்காம். என் கையெழுத்து இவருக்கு அழுக்கு. எஞ்சினைத் திரும்பத் தூக்கச் சொன்னேன், முடியாது என்றார். பூஸ்டர் இல்லாமல் பண்ணு என்றார், முடியாது என்றேன். பேச்சு நின்றது.

பிப்ரவரி 20

ரசத்தில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் வேறு விட்டார்.

பிப்ரவரி 22, சனி

வழி கிடைத்துவிட்டது. பூஸ்டர் பெடலுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது? இடது முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள் ஒரு பொந்து இருக்கிறது. அங்கே வைத்து இரும்புக் குழாய் இழுத்துவிட்டேன். முன்சக்கரங்களுக்குப் பெரிய பிரேக் டிஸ்க்கும் மாட்டியாயிற்று. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் முறுக்குகிறதா என்று நான்கு தடவை பார்த்தேன். இல்லை. டீ குடித்துவிட்டு வந்து ஐந்தாவது தடவையும் பார்த்தேன்.

பிப்ரவரி 24

குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுத்தால்தான் பிரேக் பிடிக்கும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நட்டைத் திறந்து மூட. வாய் திறக்காமல் செய்ய முடியாத வேலை. எப்படிக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவராக வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்க."

"ம்."

"அப்படியே புடிங்க."

"ம்."

"விடுங்க."

நான்கு சக்கரம், ஒன்றரை மணி நேரம், வேறு பேச்சே இல்லை. கடைசிச் சக்கரத்தில், "இன்னிக்கு ரசத்துக்காவது உப்புப் போடுவியா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அன்றைக்குத் தெரிந்துதான் தின்றிருக்கிறார், திருட்டு மனுஷர். படுத்தவாக்கில் சிரித்ததில் கன்னமெல்லாம் பிரேக் ஆயில்.

மார்ச் 1, சனி. சாந்தன்பாறை

துரையை அவர்தான் ஓட்டி வந்தார். போடி வரைக்கும் சமவெளி, அப்புறம் ஏற்றம். ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? எஞ்சினுக்குத்தான் பெயர். "சேட்டா, எஞ்சின் சூப்பர்" என்று ஜோமோன் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் கிடைத்த பாராட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார்.

ஜோமோனின் ஜீப் டிரைவர் சின்னமுத்துதான் குறுக்கே வந்தான். "எறக்கத்துல ஓட்டிப் பாக்காம வண்டிய எப்பிடிண்ணே வாங்கிக்குவீக? மலையில ஒரு வழக்கம் இருக்குல்ல. பிரேக் வேலை பாத்தவுகதான் மொத எறக்கம் ஓட்டணும். அவுக வீட்டாளு ஒருத்தரும் கூட ஏறணும்."

"நான் ஓட்டறேன்" என்றார் இவர்.

"பிரேக் நீங்களா பாத்தீக?"

இவர் என்னைப் பார்த்தார். "இல்ல. யோகாதான்."

ஐயோ, நாளைக் காலையில் நானா?

மார்ச் 2, ஞாயிறு

போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஜீப்பில் ஜோமோனும் சின்னமுத்துவும். இவர் பக்கத்தில், பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

முதல் வளைவில், "கியரைக் கொறச்சுக்கோ." இரண்டாவதில், "வெசையாப் போவாத." மூன்றாவதில் ஒன்றும் சொல்லவில்லை. ஹோஸ் முறுக்கினால் என்ன ஆகும்? இங்கே முட்ட ஒரு தென்னைகூடக் கிடையாது, வெறும் ஆகாசம்தான். பயம்மா இருந்துச்சு, ரொம்பப் பயம்மா இருந்துச்சு. ஐந்தாவது வளைவில் எதிரே ஒரு பஸ், முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு. மிதித்தேன். துரை இப்படி அப்படி இழுக்காமல், அலுங்காமல் நின்றான்.

இப்போதாவது ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லுவார் என்று திரும்பினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்த மனுஷர் தூங்குகிறாரே என்று அடுத்த வளைவுக்குள் கண் கலங்கிவிட்டது. ரோடு தெரிய வேண்டுமே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில், முந்தலில் ஓரமாக நிறுத்தினேன். அதற்கும் எழவில்லை. தோளைத் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்னால் பார்த்தார்.

"ஏம்புள்ள நிறுத்திட்டே? எறக்கம் இன்னும் வரலியா?"

"சித்தத் திரும்பிப் பாருங்க" என்றேன்.