கசெற்றில் மிச்சமிருந்த இடம்

என் திரேசா,

நீ பதில் சொல்ல ஏலாது என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன். இருந்திருந்தால் படித்துவிட்டு, "அக்கா, எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை, மற்றதெல்லாம் பிழை" என்று சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். எதையும் விளங்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. எழுபத்தொன்பது வயதில் இப்போது ஒரு விஷயம் விளங்கவில்லை.

போன மாதம் இங்கே கெல்சென்கிர்ச்சன் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் சுவாமி ஒரு கடிதத்தை வாசித்தார். பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு ஜேர்மன்காரர் எழுதியிருந்தார். எழுபதுகளில் அங்கே அமெரிக்கப் படையினரின் கிளப்புகளில் ஜாஸும் ரிதம் அண்ட் புளூஸும் பாடிய டெஸ்ஸி ரோ என்ற பெண்ணின் உறவினரைத் தேடுகிறாராம். பழைய சாமான் சந்தையில் அவளுடைய இசைத்தட்டு அகப்பட்டதாம். அதில் ஒரு பாட்டின் கீழே, இயற்றியவர் டி. சூசைப்பிள்ளை என்று பொடி எழுத்தில் இருந்ததாம். அது யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெயர் என்று யாரோ சொல்ல, தமிழ்ப் பூசை நடக்கும் இடங்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறார்.

"ஆரப்பா அது, எங்கட சனத்தில கிளப்பில பாடினது?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். நான் செபமாலையைக் கைப்பைக்குள் வைத்துப் பையைப் பூட்டினேன். அப்பாவின் பெயரைக் கோயிலில் வாசிக்கக் கேட்டும் நான் எழும்பவில்லை, திரேசா. எல்லோரும் போன பிறகுதான் சுவாமியிடம் போனேன்.

"சுவாமி, அது என்ர தங்கச்சி."

"ஏனம்மா அப்பவே சொல்லேல்லை?"

எனக்கு ஏனென்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

நீ கொழும்பு ஹோட்டல் வாத்தியக் குழுவோடு ஜேர்மனிக்குப் புறப்பட்டபோது நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். அப்பாவின் பெயரை அந்த மேடைகளில் ஏற்றாதே என்றேன். நீ ஏற்றவில்லை. பொடி எழுத்தில் தட்டின் நடுவே வைத்துவிட்டாய். அது எனக்குக் கீழ்ப்படிந்ததா, எனக்கு விளையாட்டுக் காட்டியதா?

கடிதம் எழுதிய அந்த ஜேர்மன்காரர், ஹெர் பிராண்ட், ரயில் ஏறி வீட்டுக்கே வந்தார். ஓய்வு பெற்ற இசை ஆசிரியர், நல்ல மனிதர், சப்பாத்தை வாசலில் கழற்றினார். பயித்தம் பணியாரம் மூன்று சாப்பிட்டார். மறந்துபோன பாடகர்களின் தட்டுகளை நண்பர்களோடு சேர்ந்து மறுபடி வெளியிடுகிறாராம். உன்னைப் பற்றி எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். "கரீபியத் தீவு ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கலாம்" என்றிருந்தது. சிவப்புப் பேனையால் வெட்டி யாழ்ப்பாணம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பிறகு உன்னைப் போட்டுக் காட்டினார். என்னால் உன்னை அடையாளம் காண முடியவில்லை. கன்னியர் மடத்துப் பாடல் குழுவில் உன் குரல்தானே எல்லோருக்கும் மேலே நிற்கும்? இந்தப் பெண் தடிமன் பிடித்தவள்போல அடித்தொண்டையில் பாடுகிறாள். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறாள். ஓரிடத்தில் சுருதி தாழ்கிறது. மதர் இருந்திருந்தால் அடிமட்டத்தால் விரலில் போட்டிருப்பார். அதைச் சொன்னேன். "அம்மையாரே, அந்தத் தாழ்வில்தான் இந்தப் பாட்டின் உயிர் இருக்கிறது" என்றார். தெரிந்தேதான் தாழ்த்தினாயா? அதை உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

உன்னுடைய வேறு ஒலிப்பதிவு ஏதும் உண்டா என்று கேட்டார். நீ போன பிறகு உன் அறையைக் காலி செய்தபோது கொண்டுவந்த பெட்டி பதினொரு வருடமாகக் கீழறையில் இருந்தது. மகள் சுகந்தி போய்த் தூக்கி வந்தாள். அதற்குள் ஒரேயொரு கசெற். ஒட்டியிருந்த தாளில் உன் கையெழுத்தில் "அக்காவுக்கு" என்று இருந்தது.

ஓடவிட்டால், என் குரல்.

உனக்கு நினைவிருக்கும். அப்போது நான் யாழ்ப்பாணத்தில், நீ பிராங்பேர்ட்டில். கடிதம் எழுதுகிற பஞ்சியில், சோம்பலில், எல்லோரும் கசெற்றில் பேசி அனுப்பிய காலம். வந்த கசெற்றிலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். உன்னிடமிருந்து இது வந்தபோது ஒரு நிமிடம் கேட்டேன். டிரம் அடித்தது, எவளோ ஆங்கிலத்தில் பாடினாள். பழைய பாட்டுக் கசெற்றை என் பதிலுக்காக அனுப்பியிருக்கிறாய் என்று எண்ணினேன். அதன் மேலேயே பேசினேன். ஒரு பக்கம் முழுக்கப் பேசி, மறு பக்கத்திலும் முக்கால்வாசி பேசியிருக்கிறேன்.

"அம்மா, உங்கட பிரசங்கம் அப்பவும் இப்பிடித்தானா?" என்றாள் சுகந்தி.

"வாயை மூடு" என்றேன்.

மாமியின் மூட்டு வலி, கிணற்றுத் தண்ணீர், யாருக்கு யாரைக் கலியாணம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் ஓடியது. கடைசியில் இப்படி முடித்திருக்கிறேன்: "பாட்டுக் கீட்டு எண்டு திரியாமல் ஒழுங்கா இரு. கசெற்றில கொஞ்சம் இடம் மிச்சம் கிடக்கு. உன்ர சேதியை அதில சொல்லி அனுப்பு."

ஒரு சொடுக்கு. உடனே நீ, பாட்டின் நடுவிலிருந்து.

ஹெர் பிராண்ட் பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றார். இந்தப் பாட்டு எந்தத் தட்டிலும் இல்லையாம். "இதற்கு முன்னால் என்ன இருந்தது?" என்று கேட்டார். எத்தனை பாட்டுகள் இருந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்? "அதன் மேல்தான் நான் பேசினேன்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

என் பாட்டை ஏன் அழித்தாய் என்று நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நாங்கள் அகதிகளாக வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் கம்பளிச் சட்டைகளோடு நின்றாய். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை என்றாய். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கவென்று இந்த ஊருக்கே குடி வந்தாய். கோயிலில் என் அருகே நின்று, என் குரலை மிஞ்சாமல் மெல்லப் பாடினாய். அடக்கம் வந்துவிட்டது என்று உன் அத்தானிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதர் பேப்பரைப் புரட்டினார். அவருக்கு ஏதும் தெரிந்திருந்ததா? அவரும் போய்விட்டார், இனி யாரைக் கேட்பது?

அந்தக் கசெற்றை எதற்காக வைத்திருந்தாய்? என் குரலுக்காகவா, உன் பாட்டுக்காகவா? கோபத்துக்காக என்றால் அதையும் விளங்கிக்கொள்வேன். நாலு நிமிடப் பாட்டை ஒன்பது தரம் கேட்டுவிட்டேன். ஒரு தரம் நீ என்னை ஏசுகிறாய். அடுத்த தரம் சமாதானம் சொல்கிறாய். சொற்கள் அதேதான்.

உனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பதால், பாட்டை வெளியிடும் அனுமதிப் பத்திரத்தில் நான்தான் கையெழுத்திட வேண்டும். ஐந்து நாளாக அது செபப் புத்தகத்துக்குள் கிடக்கிறது. என் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் துப்புரவாக எடுக்கலாம், யாருக்கும் தெரியாது என்று ஹெர் பிராண்ட் தயவாகச் சொன்னார்.

"அவர் சொன்னபடி வெட்டட்டும் அம்மா. ஏன் வீணா வெக்கப்படுவான்?" என்றாள் சுகந்தி.

வெள்ளிக்கிழமை அவர் வருகிறார். கையெழுத்துப் போடுவேன், இரண்டு திருத்தங்களோடு. அட்டையில் திரேசா சூசைப்பிள்ளை என்று பெரிதாக இருக்க வேண்டும், டெஸ்ஸி ரோ பொடி எழுத்தில் வரட்டும். மற்றது, என் கடைசி வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது. இடம் மிச்சம் கிடக்கிறது, உன் சேதியைச் சொல்லு என்று நான் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு நீ வர வேண்டும். அந்தக் கசெற்றுக்கு நீ பதிலே அனுப்பவில்லை என்று எத்தனை வருடம் குறை சொல்லியிருக்கிறேன்.

தட்டு வந்ததும் சுவாமியிடம் கொடுத்துப் பூசை முடிவில் உன் பெயரை வாசிக்கச் சொல்வேன். பின் வாங்கில் யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும். முழங்கால் விட்டாலும் விடாவிட்டாலும், இந்தத் தரம் எழும்பி நிற்பேன்.

உன் அக்கா,
பிலோமினா சூசைப்பிள்ளை