மயக்க மருந்துக் குப்பி

குழந்தையின் அப்பாவுக்கு,

சைகோனில் நலம்தானே? நாளைக் காலை மீட்புக் குழுவினர் நம் கூண்டுக் கரடியை ஏற்றிப்போக வருகிறார்கள். தகவல் சொன்னது யாரென்று இப்போது கேட்காதீர்கள்.

“டெட் புத்தாண்டுக்கு வர்றவங்களுக்குச் சாராயத்துல எதைக் கலக்குறது? கடைசியா ஒருதரம் கரடியோட பித்தம் எடுத்துக்கறேன். மயக்க மருந்து எங்கம்மா?” என்றார் மாமா.

“தெரியல மாமா.”

“காலேஜ் படிச்ச மருமக! ஒரு குப்பி எங்கன்னு தெரியல!”

போன தடவை மயங்கிய கரடி இன்னும் சரியாக நிற்கவில்லை. மறுபடி மயக்கினால் எழாது. குப்பியை நம் மகள் தாவ் தூங்கும் தொட்டில் மெத்தைக்கடியில் ஒளித்துவிட்டேன்.

சற்றுமுன் தாவ் சிணுங்கினாள். தூக்க வந்த மாமாவை மறித்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். “புள்ளைக்குக் குளிருது, போர்த்திவிடு” என்று போய்விட்டார். தேடும் சத்தம் நின்றுவிட்டது.

நான்தான் இன்னும் தொட்டிலைவிட்டு நகரவில்லை. வந்து திட்டுங்கள். விடியும்வரை கரடி உயிரோடிருந்தால் போதும்.

உங்கள் மகளின் அம்மா