அண்ணி தொடக் கூடாத ரேடியோ

செப். 26, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. மாடியில் காயப்போட்ட துணி மொத்தமும் நனைஞ்சு போச்சு.

மழையோட மழையா கலாவதி அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினாங்க. இவரோட அக்கா. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் டீக்கடை. கையில் பழைய போர்வை சுத்தின மூட்டை. உள்ளே மாமாவோட, அதாவது இவங்க அப்பாவோட, வால்வு ரேடியோ. மாமா போனதிலிருந்து பரண் மேல கிடந்தது.

"ஐ.டி.ஐ.ல புள்ளைங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தரேன்னு பீத்திக்கிறியே ரேவதி. இதைப் பாட வை பாக்கலாம்."

வைக்கிறேன். என்ன பெரிய வித்தை.

ஒரே கண்டிஷன் போட்டாங்க. பவுர்ணமி அன்னிக்கு கடையில் வெச்சு, அவங்க கையாலதான் ஆன் பண்ணணுமாம். ஏன்னு கேட்டேன். "சின்ன வயசுல வீட்ல சேகர் தொடலாம், நான் தொடக் கூடாது. எட்டு வயசுல ஒரே ஒரு தடவை கையை வெச்சேன். அப்பா விட்ட அறையில ரெண்டு நாள் காது கொய்னுச்சு. வாழ்க்கையில அவரு என்னை அடிச்சது அது ஒண்ணுதான். ஒரு தகர டப்பாவுக்காக."

சேகர், அதாவது என் வீட்டுக்காரர், பக்கத்தில் உக்காந்து மிக்சர் தின்னுட்டிருந்தார். தட்டை மடிக்கு இழுத்துக்கிட்டார்.

செப். 27, சனி

காலேல பின்பலகை கழட்டினேன். உள்ளே கிடைச்சது:
எலிப்புழுக்கை, ஒரு கைப்பிடி.
குளவிக்கூடு 2.
ஒரு ஹேர்பின். (யாருது?)
வால்வு அஞ்சும் முழுசா. அப்பாடா.
ஒயர் ரப்பர் தொட்டா உதிருது. மெழுகு கெபாசிட்டர் எல்லாம் ஒழுகிக் காய்ஞ்சிருக்கு.

இவர்: "சும்மா பிளக்கைச் சொருகித்தான் பாப்போமே." எல்லாரும் பண்ற முதல் முட்டாள்தனம் இதுதான். இந்த வயசு கெபாசிட்டர்ல நேரா கரண்ட் விட்டா புகைதான் வரும், பாட்டு வராது. கையைக் கட்டிட்டு உக்காரச் சொன்னேன்.

முக்கியமான விஷயம். இதுல டிரான்ஸ்பார்மரே இல்ல. சுவத்துக் கரண்ட் நேரா உள்ளே இருக்கிற தகரச் சட்டத்துக்கு வருது. ரெண்டு முள் பிளக். ஒரு பக்கமா சொருகினா சட்டம் சாது. திருப்பிச் சொருகினா 230 வோல்ட்டும் சட்டத்து மேல. திருகுற குமிழ்ல இருக்கிற சின்ன ஸ்க்ரூ வரைக்கும் கரண்ட். அண்ணி வெறுங்காலோட, ஈரக்கையோட டீ ஆத்துறவங்க. இப்படியே கொடுத்தா நான் கொலைகாரி.

பாஷா பாய் வைண்டிங் கடைக்குப் போனேன். ரெண்டு பக்கமும் 230, சுத்து ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத டிரான்ஸ்பார்மர் வேணும்னேன். "உள்ள போறதேதான் வெளிய வரும்னா அதுக்கு எதுக்கும்மா ஒரு டிரான்ஸ்பார்மர்?"னு சிரிச்சார். ரேடியோவுக்கும் தெருக் கரண்டுக்கும் நடுவுல சம்பந்தமே இருக்கக் கூடாது பாய்னேன். உடனே புரிஞ்சிக்கிட்டார். அடுத்த சனிக்கிழமை தரேன்னார்.

செப். 28, ஞாயிறு

காலேலர்ந்து சால்டரிங். கெபாசிட்டர் அத்தனையும் மாத்தியாச்சு. ஒயர் புதுசு. ஃபியூஸ் போட்டேன், இதுல இருந்ததே இல்ல. கழுத்து வலி.

பதினொண்ணரைக்கு 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை சீரீஸ்ல, அதாவது கரண்ட் பல்பு வழியாத்தான் ரேடியோவுக்குப் போற மாதிரி, போட்டு கரண்ட் விட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், ரேடியோ பிழைச்சுக்கும். பல்பு பளிச்னு எரிஞ்சு மங்கிச்சு. வால்வுங்க மெதுவா சிவந்துச்சு. ஒரு நிமிஷத்துக்குப் பக்கமா ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் 'ம்ம்ம்'. அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், விவசாயிகளுக்கு ஏதோ யோசனை சொல்லிட்டிருந்துச்சு.

இவர் எழுந்தே நின்னுட்டார். எனக்குக் கெத்து தாங்கல. மறைப்பானேன்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. லீவு. பொரி, கடலை, வாழைப்பழம். மூணு வீட்டுக்குக் கொடுத்தனுப்பணும்.

என் தப்பை முதல்ல எழுதிடறேன். ரேடியோவை ரெண்டு மணி நேரம் ஓடவிட்டு சோதிக்கலாம்னு பல்போட சேர்த்துப் போட்டுட்டு, பின்பலகை இல்லாம, கடலை தாளிக்கப் போயிட்டேன். பிளக் எந்தப் பக்கமா இருக்குன்னு பாக்கல. கிளாஸ்ல எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா வெளிய நிறுத்தியிருப்பேன்.

அண்ணி வந்தது தெரியல. குளிச்ச ஈரத்தலை, வெறுங்கால், கையில் கரைச்ச சந்தனம். "ஆயுதத்துக்கெல்லாம் பொட்டு வெச்சே, எங்கப்பா ரேடியோவுக்கு?"னு சொல்லிக்கிட்டே அந்தத் தகரச் சட்டத்துக்கு நேரா விரலை நீட்டினாங்க. பாய்ஞ்சு போய் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிடறது என்ன, அடிச்சேன். சந்தனக் கிண்ணம் தரையில் போய் விழுந்துச்சு.

அண்ணி மூஞ்சி செத்துப்போச்சு. "நீயுமா?"

மாமா மாதிரி அடிச்சிட்டுப் போக எனக்கு வராது. உக்கார வெச்சேன். டெஸ்டரைச் சட்டத்துல வெச்சேன். உள்ளே செவப்பு விளக்கு. பிளக்கைத் திருப்பிப் போட்டு மறுபடி வெச்சேன். விளக்கு இல்ல. இன்னொரு தடவை காட்டுன்னாங்க. காட்டினேன். மூணாவது தடவை டெஸ்டரை அவங்களே வாங்கி, குமிழ் ஸ்க்ரூல வெச்சுப் பாத்தாங்க.

"அப்ப அன்னிக்கு நான் செத்திருப்பேனா?"

"செத்திருக்கலாம் அண்ணி."

டெஸ்டரைக் கையில வெச்சுக்கிட்டே அழுதாங்க, சிரிச்சாங்க. "என்னைக் காப்பாத்தத்தான் அடிச்சாரா அந்த மனுஷன்." இங்கிருந்தே சித்திக்குப் போன் போட்டு சொன்னாங்க. வேலூர் மாமாவுக்கும் சொன்னாங்க. போகும்போது என் கன்னத்தைத் தடவிட்டுப் போனாங்க.

இவர் மட்டும் பொரியைக் கிளறிட்டே இருந்தார். என்னன்னு கேட்டேன். மூணு தடவை கேட்ட பிறகு சொன்னார். இவருக்குத் தெரியுமாம். பத்து வயசிலேயே மாமா இவரைக் கூப்பிட்டு, இது ஷாக் அடிக்கும், ரப்பர் செருப்பு போட்டுத்தான் தொடணும்னு சொல்லிக் கொடுத்தாராம். அக்காகிட்ட சொல்லாதே, பொண்ணுங்க பயந்துக்கும், உங்கம்மா காதுல போட்டா ரேடியோவை வித்துடச் சொல்லுவான்னாராம்.

பையனுக்குக் காரணம், பொண்ணுக்கு அறை.

"அண்ணிகிட்ட சொல்லுங்க"ன்னேன். "இப்பதான் சந்தோஷமா இருக்குது. அதைக் கெடுக்கணுமா?"ன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன்.

அக். 4, சனி

பாஷா பாய் சொன்னபடி கொடுத்துட்டார். கச்சிதமான வேலை. பெட்டிக்குள்ளேயே பொருத்திட்டேன். சட்டத்துக்கு எர்த். மூணு முள் பிளக். பின்பலகை புதுசா, கை நுழையாத மாதிரி. டெஸ்டர் எங்க வெச்சாலும் செத்துக் கிடக்கு. மீட்டர்லயும் பாத்தாச்சு.

இவர்கிட்ட இன்னும் சரியா பேசல. சொல்றதுதான் நியாயம்னு எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அண்ணி போன்ல பேசற குரல் மாறிப்போச்சு, சின்னப் பொண்ணு மாதிரி. அதைக் கேட்டா எனக்கும் கொஞ்சம் தடுமாறுது.

அக். 5, ஞாயிறு

டீக்கடைக்குப் போய்ப் பாத்தேன். நெனச்சேன், பிளக் பாயிண்ட்ல எர்த்தே இல்ல. எலக்ட்ரீஷியனை நிறுத்தி வெச்சு எர்த் கம்பி இழுத்தாச்சு. ஷாக் அடிச்சா கட் ஆகற பிரேக்கரும் மாட்டியாச்சு. ரேடியோ இருந்தாலும் இல்லாட்டியும் கடைக்கு வேணும் இது. "இவ்ளோ எதுக்கு?"ன்னாங்க. "நீங்க தொடப்போறீங்களே அதுக்கு"ன்னேன்.

அக். 6, திங்கள், பவுர்ணமி

அரை நாள் லீவு. வெயில் மண்டையைப் பிளக்குது. மூணு மணிக்கே கிரிவலம் நடக்கறவங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. எங்க வேங்கிக்கால் வீட்லர்ந்து போக ஆட்டோவே கிடைக்கல. ரேடியோவை மடியில் வெச்சுக்கிட்டு இவரோட டூவீலர்ல போனேன்.

கடையில் வெச்சு, பிளக் போட்டு, கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் அளந்தேன். சரின்னேன். அண்ணி கிளாஸ் கழுவிட்டிருந்தாங்க. கையைத் துடைக்கல. வெறுங்காலோட வந்து, ஈர விரலால் குமிழைத் திருகினாங்க. டக். டயல் விளக்கு வந்துச்சு. விரலை எடுக்காம அப்படியே நின்னாங்க.

வால்வு சூடாகணும், ஒரு நிமிஷம் ஆகும்னு சொன்னேன். காத்திருந்தோம்.

அந்த ஒரு நிமிஷத்துல இவர் சொல்லிட்டார். "அக்கா, ஷாக் அடிக்கும்னு எனக்குத் தெரியும். அப்பா என்கிட்ட சொல்லியிருந்தாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு." நான் தூண்டல. சத்தியமா.

அண்ணி திரும்பிப் பாக்கல. கை குமிழ் மேலயே இருந்துச்சு. "அப்பா சொல்லல, சரி. அவரு போயே பன்னெண்டு வருஷமாச்சு. நீ சொல்லியிருக்கலாமேடா."

அதுக்குள்ள ரேடியோ பேச ஆரம்பிச்சிடுச்சு. வெளிய பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் உள்ளே எட்டிப் பாத்து டீ கேட்டாங்க. அண்ணி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சிட்டு டீ போட்டாங்க. பெஞ்சுக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணு. இவருக்குப் போடல.