கூடத்து மின்விசிறி நின்ற கதை

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

நலம். நீ இல்லாத வீடும் நலம். சோறு மட்டும் தினம் அடிப்பிடிக்கிறது.

நாற்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போய் மின்னியல் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது, தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான்தான். இருபது வருட வயர்மேனின் மனைவி, சந்தேகம் வந்தால் என்னிடம்தானே கேட்பாள் என்று ஒரு பேராசை. நீயோ விடுமுறைக்கு வந்தும், "என் லேப் பார்ட்னர் எவ்வளவு அழகா விளக்குவார் தெரியுமாங்க!" என்று மூன்று வேளையும் அதையே பரிமாறினாய். அவருக்குத் தலைமுடி ரொம்ப அடர்த்தியோ? சும்மா கேட்டேன்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று கூடத்து மின்விசிறி தானாக நிற்கவில்லை. கண்டென்சர் வயரைக் கழற்றிவிட்டவன் நான்தான். "என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிடுவாய், ஸ்டூலில் ஏறிக் கெத்துக் காட்டலாம் என்று காத்திருந்தேன். நீ படமெடுத்து அந்த மகானுக்கு அனுப்பினாய். அவர் போனில், "மேடம், இது தானா கழண்டதில்ல. யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க" என்றார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாயே, இத்தனை வருடத்தில் எந்த வயரும் எனக்கு அப்படி ஷாக் அடித்ததில்லை.

இப்போது அதே மின்விசிறி நிஜமாகவே நின்றுவிட்டது. சத்தியமாக நான் தொடவில்லை. சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் தொடமாட்டேன். அடுத்த விடுமுறையில் நீ ஏறிப் பார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன்.

போன் மட்டும் வேண்டாம்.

வியர்த்துக்கொண்டே,
உன் வீட்டு வயர்மேன்