வெர்லீன் காதில் விழுந்தது

ஹார்லன் கிரீக், நெப்ராஸ்கா
மார்ச் 9

அன்புள்ள தங்கை ஆர்லிஸுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. உன் மகனை அடக்கம் செய்து பத்து நாளாகிறது; போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கல்லறையில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்துவிட்டேன்? ஆம்புலன்ஸ்காரர்கள் பேசுவதைப் பழைய ஸ்கேனர் ரேடியோவில் நான் கேட்பது இன்று நேற்றுப் பழக்கமா? என் வீட்டுக்காரர் தீயணைப்புப் படையில் இருந்த காலம் முதல் அது என் அடுக்களையில் ஓடுகிறது. உன் களஞ்சியம் தீப்பிடித்தபோது முதலில் சொன்னது யார்? உன் மகன் ட்ரென்டின் பச்சை வண்டி ரயில் கேட் அருகே கவிழ்ந்தது என்று கேட்டதும் போனை எடுத்தேன். பாஸ்டர் மனைவி லூயிஸைக் கூப்பிட்டு ஜெபச் சங்கிலியைத் தொடங்கச் சொன்னேன். ஒருவர் அடுத்தவருக்குப் போனில் சொல்லி ஊரே ஜெபித்தது. அது குற்றமா?

அன்புடன்,
வெர்லீன்


மார்ச் 14

அக்கா,

உன் ஜெபச் சங்கிலி என் வாசலுக்கும் வந்தது. ஷெரீப் செய்தி சொல்ல வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டு மார்லா சூடான சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"கேள்விப்பட்டேன்டி. பையன் எப்படி இருக்கான்?"

"எந்தப் பையன்?" என்றேன். அவள் முகம் போன போக்கில்தான் எனக்குத் தெரிந்தது.

கோழியும் நூடுல்ஸும் வைத்து, அடுப்பில் வேகவைத்து எடுத்து வந்திருந்தாள். அவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள்.

என்னை ஏன் கூப்பிடவில்லை? அதை மட்டும் எழுது.

ஆர்லிஸ்


மார்ச் 18

அன்புள்ள ஆர்லிஸ்,

கெட்ட செய்தி என் வாயால் வர வேண்டாம் என்று நினைத்தேன். ஷெரீப் சொல்வார் என்றிருந்தேன். அவ்வளவுதான்.

உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதது. அவன் நினைவோடுதான் இருந்தான். ஆம்புலன்ஸ்காரர் ஆஸ்பத்திரிக்குச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "ஆளு பேசறாரு. எங்க அம்மாவை வரச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

கடைசிவரை உன் நினைப்புதான். எந்தத் தாய்க்கு இது கிடைக்கும்? கோபத்தை விடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

உன் அக்கா,
வெர்லீன்


மார்ச் 21

வெர்லீன்,

அப்போது நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கார் வாசலில் நின்றது. ஆஸ்பத்திரி கால் மணி நேரப் பாதை. போயிருந்தால் அவன் கையைப் பிடித்திருப்பேன்.

அவன் கூப்பிட்டது என்னை. கேட்டது நீ. கேட்ட பிறகும் போனை எடுத்து என்னிடம் சொல்லவில்லை.

இனி எனக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஆர்லிஸ்