அப்பா லாரிக்கு நான் சரிப்பட மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு அறிவரசன் எழுதறது. இடுப்பு வலி எப்படி இருக்கு? அம்மா மாத்திரைய வேளைக்குப் போடறாங்களா? போன்ல பேசினா நீங்க திட்டுவீங்க, நான் கத்துவேன். அதான் புனேலேருந்து இந்தக் கடுதாசி.

போன வாரம் ஆபீஸ்ல ஒரு கூத்து. வேலை போகல, பயப்படாதீங்க. மளிகை ஆர்டர் வாங்கற பழைய புரோகிராமுக்குப் பதிலா நான் ஒண்ணு எழுதினேன். வீட்டு நம்பர் இல்லாத ஆர்டரையும் பழசு வாங்கிக்கும். என்னுது திருப்பி அனுப்பிருச்சு. எங்க டீமைப் பாத்துக்கற மேடம் கூப்பிட்டு, "பார்பரா லிஸ்கோவ் தெரியாதா?"ன்னாங்க. "எந்த மாடில இருக்காங்க?"ன்னேன். ஆபீஸே சிரிச்சுது.

அவங்க அமெரிக்காவுல பெரிய கம்ப்யூட்டர் விஞ்ஞானியாம். சொந்தமா ஒரு புரோகிராம் மொழியே உருவாக்கினவங்க. அவங்க சொன்ன விதி இதுதான்: ஒண்ணோட இடத்துல இன்னொண்ண வச்சா, பழச நம்பி இருந்தவங்களுக்கு எதுவும் கெட்டுப் போகக் கூடாது. அதப் படிச்சுட்டு திரும்ப எழுதினேன், இப்ப ஓடுது.

"பெரம்பலூர் காலேஜ் படிப்பத்தான் பாதில விட்ட, தையிலேருந்து என் லாரியவாவது ஓட்டு"ன்னீங்களே, அதையும் இந்த விதிய வச்சுப் பாத்தேன். ராத்திரி சுண்ணாம்புக்கல் லோடு, சிமெண்ட் ஆலை மேனேஜர் ஏச்சு, எதுக்கும் நீங்க முடியாதுன்னு சொன்னதில்ல. நான் மொத நாளே சண்ட போட்டு எறங்கிடுவேன். உங்க இடத்துல நான் நிக்க முடியாதுப்பா. அரியலூருக்கு வரல. இங்கதான் இருப்பேன்.

அம்மாவ பருப்புப் பொடி அனுப்பச் சொல்லுங்க. கூடவே நீங்க நாலு வரி எழுதி வைங்க. திட்டி எழுதினாலும் சரி, தமிழ்ல ஏதாவது படிக்கணும் போல இருக்கு. கூரியர் கடைய மூடறாங்க, இதோட முடிக்கறேன்.

உங்க
அறிவு